எச்.எம். என்ற மனிதரும் எங்க அப்பத்தாவும்

எங்க அப்பத்தாவுக்குக் கடைசி மூணு வருஷம் ஞாபகம் தப்பிப்போச்சு. காலையில சாப்பிட்ட இட்லி நினைவிருக்காது. ஆனா கல்யாணமாகி மாட்டு வண்டியில வந்தப்போ எந்த ஊர்ல அச்சு முறிஞ்சது, யார் வந்து சரி பண்ணினாங்க எல்லாத்தையும் நேத்து நடந்த மாதிரி சொல்லும். அதோட தம்பி செத்துப்போனது மட்டும் மனசுல நிக்கவே இல்ல. "சின்னவன் ஏன் இன்னும் வரல?"ன்னு கேக்கும். விஷயத்தைச் சொன்னா அப்பத்தான் கேள்விப்பட்ட மாதிரி அழும். அரை மணி கழிச்சு மறுபடி, "சின்னவன் ஏன் வரல?"

ஒருநாள் அம்மா, "மாமா தேவகோட்டைக்குப் போயிருக்காக அத்தே, வெள்ளிக்கிழமை வந்துருவாக" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீங்க. பெரியவங்ககிட்ட இப்படிப் பொய் சொல்லலாமான்னு ரெண்டு நாள் அம்மாவோட பேசல.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, நினைவாற்றல் ஆராய்ச்சியோட வரலாற்றைப் படிச்சிட்டு இருந்தப்போ இதே காட்சி அமெரிக்காவில் ஒருத்தருக்கு நடந்திருப்பது தெரிஞ்சது. அவருக்குப் பிடித்தமான மாமா ஒருவர் இறந்த செய்தியைச் சொல்லும்போதெல்லாம் துடித்துப்போவாராம். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு, மாமா எப்போ வருவார் என்று கேட்பாராம். உலகத்துக்கு அவர் வெறும் 'எச்.எம்.'. முழுப் பெயர் ஹென்றி மொலேசன். அது வெளியில் தெரிந்ததே 2008 டிசம்பரில் அவர் 82 வயதில் இறந்த பிறகுதான்.

அவருக்கு முன்னாடி நிலைமை என்னன்னு ஒரு பாரா. 1885ல் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, தன்னையே சோதனை எலியாக்கி, மறதியை அளந்தார். கற்றதில் மிஞ்சுவது ஒரு மணி நேரத்தில் 44 சதவீதம், ஒரு மாசத்தில் 21 சதவீதம் என்று கணக்கு வந்தது. (பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிச்சவங்களுக்கு இது புதுச் செய்தி இல்ல :-)) ஆனா நினைவு மூளையில் எங்கே இருக்கு? கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்கர் எலிகளின் மூளைப் புறணியில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் வெட்டி முப்பது வருஷத்துக்கும் மேல தேடினார். 1950ல், குறிப்பிட்ட ஓர் இடம் என்று எதுவும் அகப்படவில்லை என எழுதிக் கையை விரிச்சுட்டார்.

மூணே வருஷத்தில் பதில் வந்தது, யாரும் கேட்காத வழியில்.

ஹென்றி 1926ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். பத்து வயசிலிருந்து வலிப்பு. சின்ன வயசில் சைக்கிள் மோதி விழுந்ததுதான் காரணம் என்பார்கள், நிச்சயமில்லை. 27 வயதில் வேலைக்குப் போக முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. எந்த மருந்தும் கேட்கவில்லை. ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற பெயர்பெற்ற மூளை அறுவை நிபுணர் இருந்தார். மனநோயாளிகளுக்கு மூளையின் முன்பகுதியில் கத்தி வைப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். அதை நிறையச் செய்தவர். 1953ல் ஹென்றியின் மூளையில் இரண்டு பக்கமும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருந்த பகுதியை உறிஞ்சி எடுத்தார். அதில் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் போயிற்று. கடல் குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அதற்கு அந்தப் பெயர். அது என்ன வேலை செய்யுதுன்னு யாருக்கும் தெரியாமலே எடுத்தார்கள் என்பதுதான் இதில் கொடுமை. 'இது சோதனை முயற்சி' என்று அவரே பின்னால் எழுதினார்.

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. புத்திக்கூர்மையும் குறையவில்லை, அறுவைக்கு முன் 104 என்றிருந்த மதிப்பெண் 112 ஆனது. ஆனா சாப்பிட்ட அரை மணியில் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல முடியவில்லை. ஒரே பத்திரிகையைத் தினம் புதுசாகப் படித்தார்.

மான்ட்ரியலில் பிரெண்டா மில்னர் என்ற பெண் உளவியலாளர், வேறு இரண்டு நோயாளிகளிடம் இதே மாதிரி மறதியைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தார். செய்தி கேள்விப்பட்டு ஸ்கோவிலே கூப்பிட, ரயிலேறி ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தார். 1955 ஏப்ரலில் மில்னர் சோதித்தபோது ஹென்றிக்கு 29 வயது. கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: இது 1953 மார்ச், எனக்கு வயசு 27.

இங்கேதான் கதை சூடு பிடிக்குது. மில்னர் 584 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். கால் மணி கழிச்சு வந்தா, சரியாகச் சொல்கிறார்! எப்படி? அந்த இலக்கங்களைக் கூட்டி, கழித்து, பிரித்து, ஒரு கணக்காக மனசுக்குள் விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சை வேறு பக்கம் திருப்பியதும் எண் மட்டுமல்ல, எண் கொடுக்கப்பட்டது என்பதே போய்விட்டது. ஆக, கையில் பிடித்து வைத்திருக்கும் நினைவு வேறு, பெட்டியில் பூட்டி வைக்கும் நினைவு வேறு. அவருக்குக் கை இருந்தது. பெட்டிக்குக் கொண்டுபோக ஆள் இல்லை.

அடுத்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ரெண்டு கோட்டுக்கு நடுவே பென்சில் ஓட்டணும். வீட்டில் முயற்சி பண்ணிப் பாருங்க, கை எதிர்ப்பக்கம் ஓடும். ஹென்றி மூன்று நாள் செய்தார். ஒவ்வொரு நாளும், இதை இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை என்பார். ஆனா கோடு நாளுக்கு நாள் சுத்தமாகிக்கொண்டே வந்தது. நினைச்சதைவிட சுலபமா இருக்கே என்று அவரே ஆச்சரியப்பட்டாராம்! கைக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை. சைக்கிள் ஓட்டுவதும் நேற்று யாரைப் பார்த்தோம் என்பதும் மூளையில் வேறு வேறு கணக்கு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஸ்கோவிலும் மில்னரும் 1957ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய பாடப்புத்தக வகைப்பாடெல்லாம் கிளை விட்டது. நடந்த சம்பவங்களின் நினைவு, பொது அறிவு நினைவு என்று எண்டெல் டல்விங் 1972ல் பிரித்தார். புது அனுபவத்தைப் பதிந்து, துண்டுகளை ஒன்றாகக் கோர்ப்பது ஹிப்போகாம்பஸ். நாளாக நாளாக அது புறணியில் வேரூன்றுகிறது என்று சொல்கிறார்கள். பழசு நிற்பதும் புதுசு தங்காததும் அதனாலதான். எங்க அப்பத்தாவோட மாட்டு வண்டி தப்பிச்ச ரகசியமும் இதுவாத்தான் இருக்கணும். முழுக்க நேர்கோடாவும் இல்ல. அறுவைக்குப் பிறகு குடிபோன வீட்டின் அறைப்படத்தை ஹென்றி வரைந்து காட்டியிருக்கிறார். அதே வழியில் வருஷக்கணக்கா நடந்தா ஏதோ ஒட்டிக்கொள்ளும் போல.

அவர் சம்மதம்? சுசான் கோர்க்கின் 1962லிருந்து அவர் சாகும் வரை அவரை ஆராய்ந்தவர். எம்.ஐ.டி.க்கு எத்தனையோ முறை அழைத்து வந்தும், ஹென்றிக்கு அவர் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்டப் புது ஆள். கையெழுத்துப் போட்டதையே மறந்துவிடுகிறவரிடம் வாங்கும் சம்மதத்துக்கு என்ன பொருள்? ஸ்கோவிலின் பேரன் லூக் டிட்ரிச் 2016ல் புத்தகமே எழுதி இதைக் கிளப்பினார், பெரிய சண்டையானது. ஸ்கோவில் தன் தவறை மறைக்காமல் எழுதி, இந்த அறுவையை இனி யாரும் செய்யாதீங்க என்று எச்சரித்தார், அந்த மட்டுக்கும் மரியாதை உண்டு. ஹென்றிக்கு அதனால் என்ன லாபம் என்றால் பதில் இல்லை. 2009 டிசம்பரில் சான் டியேகோவில் அவர் மூளையை உறையவைத்து 53 மணி நேரத்தில் 2401 சீவல்களாகச் சீவினார்கள். இணையத்தில் நேரடி ஒளிபரப்பு வேற.

கடைசியா ஒண்ணு. 2010ல் அயோவாவில், ஹிப்போகாம்பஸ் பழுதான ஐந்து பேருக்குச் சோகமான படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சீக்கிரமே படம் மறந்துவிட்டது. சோகம் மட்டும் போகல. எதுக்கு வருத்தம்னே தெரியாம வருத்தமா உட்கார்ந்திருந்தாங்க.

இதைப் படிச்சதும் மூடி வெச்சுட்டேன். தம்பி செத்த சேதியைச் சொன்ன நாட்கள்ல அப்பத்தா சாயங்காலம் வரைக்கும் திண்ணையில சுருண்டு கிடக்கும். கேட்டா, "என்னமோ மனசு சரியில்லப்பா" என்கும். நாங்க வயசுன்னு நினைச்சோம்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட கேட்டேன், அது ஏன் வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்கன்னு. கீரை ஆய்ஞ்சுக்கிட்டே நிமிராம சொன்னார்: "அவுக எப்பவும் வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குத்தானே வருவாக. அன்னிக்கு மட்டும் அத்தை தானா எந்திரிச்சு தலை சீவிக்கிடுவாக."