லட்டுக்கு முன்பே

1984-ல் எங்கள் மாத்தூர் வீட்டு அடுப்பங்கரையில், காபி டம்ளர்களுக்குப் பக்கத்தில் ஒரு சோதனைக்குழாய் நிற்கும். 5 மி.லி. பெனடிக்ட் கரைசல், அதில் என் சிறுநீர் எட்டுச் சொட்டு. ஸ்பிரிட் விளக்கில் குழாயைச் சாய்த்துப் பிடித்து அம்மா கொதிக்கவிடுவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்தைத் தொட்டுவிட்டால் அவள் முகம் செத்துப்போகும். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலின் புட்டி ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் இருந்தது.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிவதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாண வீட்டில் நான் நாலு லட்டு தின்றிருந்தேன். “கேட்டான்னு குடுத்துக் குடுத்து நீதான்டி புள்ளையைக் கெடுத்த” என்றார்கள் சொந்தக்காரர்கள். அம்மா அதை நம்பிவிட்டாள்.

வடசென்னைக்காரர்களுக்குச் சர்க்கரை வைத்தியம் என்றால் ராயபுரம்தான். பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியவர். 1954-ல் ராயபுரத்தில் தம் மருத்துவமனையை நிறுவினார். அதனால் எங்கள் பக்கத்தில் ஊசியும் பத்தியமும் பலருக்கும் பழகிய விஷயம். ஆனால் இனிப்பைத் தொடாத குழந்தைக்கும் இந்த நீரிழிவு ஏன் வருகிறது என்பதற்கான விடை வேறொரு திசையிலிருந்து வந்தது.

1965-ல் பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ், நோய் வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனவர்களின் கணையங்களை ஆராய்ந்தார். இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. ஆனால் இறந்த உடல் போரின் முடிவைத்தான் காட்டும். தொடக்கத்தைப் பார்க்க உயிருள்ள ஒன்று வேண்டியிருந்தது.

அது ஜப்பானில் ஷியோனோகி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. கண்புரை வரும் சுண்டெலி வம்சம் ஒன்றை அங்கே இரண்டு கிளைகளாகப் பிரித்து வளர்த்தார்கள். வெறும் வயிற்றிலும் சர்க்கரை கூடியிருக்கும் எலிகள் ஒரு கிளை. சர்க்கரை சரியாக இருக்கும் எலிகள் இன்னொன்று. 1974-ல் அந்த இரண்டாவது கிளையில், யாரும் எதிர்பாராத இடத்தில், ஒரு பெண் எலிக்கு நீரிழிவு வந்தது. அதன் வழி வந்த வம்சத்தை மாக்கினோவும் சகாக்களும் 1980-ல் அறிவித்தார்கள். பருமனில்லாமலே நீரிழிவு வருவதால் அதற்கு ‘நாட்’ எலி என்று பெயர்.

இந்த எலிக்கு நாலு வார வயதிலேயே டி-செல்கள் என்னும் வெள்ளணுக்கள் கணையத் திட்டுகளைச் சுற்ற ஆரம்பிக்கின்றன. கிருமியை விரட்ட வேண்டிய அதே காவல் செல்கள்தான் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அந்நியரென்று நினைத்து அழிக்கின்றன. எலியோ ஓடுகிறது, தின்கிறது, ரத்தச் சர்க்கரையும் சரியாகவே இருக்கிறது. பன்னிரண்டு வாரம் கடந்த பிறகுதான் சர்க்கரை ஏறும். பெண் எலிகளில் 60 முதல் 80 சதவீதத்துக்கு வருகிறது, ஆண்களுக்குக் குறைவு. நோயுற்ற எலியின் டி-செல்களை எடுத்து நோயில்லாத எலிக்குள் செலுத்தினால் அதற்கும் நீரிழிவு வருகிறது. குற்றவாளி யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கூண்டு சுத்தமாக இருக்க இருக்க நோய் கூடுகிறது, சில தொற்றுகள் பட்டால் குறைகிறது என்பதும் இந்த எலிகளில் கண்டதே. அதற்காக அழுக்கு நல்லது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மணலி ஆலைப் புகையையும் மாத்தூர்ச் சாக்கடையையும் பார்த்தே வளர்ந்த எனக்கு வரத்தானே செய்தது.

எங்கள் வீட்டிலிருந்து மாதவரம் பால்பண்ணை கிட்டத்தில்தான். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வக விலங்குப் பிரிவு அங்கே இருக்கிறது. நம்மூர் ஆய்வுகள் பலவற்றில் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற நஞ்சை ஊசியாகப் போட்டு எலிக்குச் சர்க்கரை வரவைக்கிறார்கள். ஒரே பெரிய அளவாகப் போட்டால் அந்த நஞ்சே பீட்டா செல்லைக் கொன்றுவிடும். என் உடம்பில் நடந்தது அதுவல்ல. எனக்கு உறவு அந்த ஜப்பான் எலிதான்.

நூற்றுக்கும் மேற்பட்ட வழிகளில் நாட் எலிக்கு நோயைத் தடுத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை மனிதரிடம் பலிக்கவில்லை. பலித்த ஒன்று, 1994-ல் பாரிஸில் லூசியென் ஷாட்னூவும் குழுவினரும் செய்தது. டி-செல்லின் சிடி3 புரதத்தைப் பிடிக்கும் எதிரணுவைச் சில நாள் கொடுத்ததில், புதிதாக நோய் வந்த எலிகள் பல மீண்டன. அந்த வழியில் வந்த டெப்லிசுமாப் மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது, எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. அது நோயைத் தீர்ப்பதில்லை. சோதனையில் நோய் வருவதைச் சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. இரண்டு ஆண்டு ஊசியில்லாத குழந்தைப்பருவம் என்றால் என்னவென்று என்னைக் கேளுங்கள்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதானபோது, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு அந்த எலியின் கதையை விளக்கினேன். இங்கே நாலு வாரம், இங்கே பன்னிரண்டு வாரம், சர்க்கரை தெரிவது கடைசியில். கோட்டின் ஆரம்பத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“அப்போ அந்தக் கல்யாணத்துக்கு முன்னாடியேவா?”

“ரொம்ப முன்னாடிம்மா.”

தாளை நாலாக மடித்து, என் பழைய கண்ணாடி சிரிஞ்சு இருக்கும் டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.