கொள்ளைநோயும் சிறு வாணிகமும்

நாடோறும் கைம்மாறும் சிறுமுதலே நகரின் உயிர்நாடியாம். 2020 மார்ச்சில் கொரோனாக் கொள்ளைநோயால் ஊரடங்கு நேர்ந்தபோது, புதுவைப் பெரிய சந்தையின் காய்கறிக் கடைகள் புதிய பேருந்து நிலையத்திற்கு மாற்றப்பட்டன. இடம் பெயர்ந்தும் வாணிகம் அறாமையால் உழவர் விளைவு விலைபோயிற்று. மக்களும் உணவு பெற்றனர். காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையோ நின்றது. வரவற்ற தெருவணிகர் கைம்முதலை உண்டு கழித்தனர்.

அன்னார் மீளும்பொருட்டு, மத்திய அரசு 2020 ஜூனில் தொடங்கிய ஸ்வநிதித் திட்டம் பிணையின்றி 10,000 ரூபாய் வரை கடன் வழங்கிற்று. தவணை தவறாதார்க்குப் பின்னர் 20,000 வரை கிட்டிற்று. ஒரு கடை திறப்பின், சுமையாளும் வண்டிக்காரரும் உழவரும் உடன் பிழைப்பர். ஆதலின், நெல்லித்தோப்பு வாழ் அன்பர்களே, அண்டைக் கடைக்காரர்க்குரிய பாக்கியைக் காலத்தில் தீர்ப்பதே நாம் நகர்க்குச் செய்யும் பேருதவியாம்.