வெண்கலச் சிற்பமும் வடிவக் கணிதமும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டுச் சிற்பிகள் சிலர் மனித உருவைத் தளங்களாகவும் வளைவுகளாகவும் பகுத்து அமைக்கத் தலைப்பட்டனர். அதனால் மனித உரு சிற்பத்தினின்று நீங்கிற்று என்பர் ஒருசாரார். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை இரு படைப்புகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பிக்காசோ 1909-இல் ஒரு பெண்ணின் தலையை உருவாக்கினார். பின்னர் அது வெண்கலத்தில் வார்க்கப்பெற்றது. நெற்றி, கன்னம், கூந்தல் யாவும் கூரிய விளிம்புடைய சிறு தளங்களாகப் பிரிந்துள்ளன. எனினும் தலையின் திரட்சி குலையவில்லை. மேடும் பள்ளமும் ஒளியில் முன்னினும் தெளிவுற்றன.

இத்தாலியச் சிற்பி போச்சோனி 1913-இல் இயற்றிய 'வெளியில் தொடர்ச்சியின் தனி வடிவங்கள்' வேறு நெறியது. அதற்குக் கைகள் இல்லை, முகக்கூறுகளும் புலப்படா. ஆயினும், காற்றில் அலையும் சுடர்போலப் பின்னோக்கி ஓடும் வளைதளங்கள் விரைந்து நடக்கும் ஒருவனையே காட்டுகின்றன. முன்னதில் உடலின் கட்டமைப்பையும் பின்னதில் அதன் இயக்கத்தையும் வடிவக் கணிதம் உணர்த்துகின்றது.

நிற்க. பளிங்கும் வெண்கலமுமே உயர்ந்தவை என்னும் மரபைப் போச்சோனி 1912-இல் வெளியிட்ட அறிக்கையில் மறுத்தார். அவர் விட்டுச்சென்றது பாரிசுச் சாந்தாலான உருவமே. அது பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. 1916-இல் அவர் மறைந்த பின்னரே வெண்கல வார்ப்புகள் தோன்றின. எனவே, அவ்வுலோகத்தின் ஒளியைச் சிற்பியின் கருத்தாகக் கொள்ளுதல் பிழையாம். வடிவம் அவருடையது, உலோகம் பின்னோர் தேர்ந்தது.

இவ்விரண்டாலும், மனித உரு நீங்காது நின்றமையும், அதனைக் காணும் முறையே மாறினமையும் பெறப்படும்.