கோலார் தங்கவயல் கண்டேன்

நம் ஆரியசாலையில் பிறந்து வளரும் பிள்ளைகளிடம் "உன் சொந்த ஊர் எது?" என்று யாரேனும் வினவினால், அவர்கள் சற்றே திகைத்து நிற்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அவ்வினாவே என்னைச் சென்ற ஆண்டு கோலார் தங்கவயலுக்கு இட்டுச் சென்றது. நாம் பெரும்பாலும் வாணிபத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் இங்கு வந்தவர்கள். அவர்களோ பூமிக்கு அடியில் இறங்குதற்கென்றே குடியேறிய தமிழர்.

ஐலண்டு எக்ஸ்பிரஸில் ஏறிப் பங்காருப்பேட்டையில் இறங்கினேன். பழைய ரயில்வே ஏடுகளில் இவ்வூர் பௌரிங்பேட்டை எனப்படும். இங்கிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் கிளைப்பாதை 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சுரங்கத்தின் பொருட்டே போடப்பட்ட பாதை அது. சுரங்கம் மூடிய பின்னும் பாதை மூடப்படவில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

நண்பரொருவர் ஜீப் வண்டி ஏற்பாடு செய்திருந்தார். நான்கு சக்கரங்களும் ஒருங்கே இழுக்கும் அவ்வகை வண்டியன்றி வேறெதுவும் மழைநீர் அறுத்த அந்தப் பள்ளங்களில் ஏறாது. 1871-ஆம் ஆண்டில் இதே திசை நோக்கி லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் பெங்களூர்த் தண்டிலிருந்து மாட்டு வண்டியில் ஏறக்குறைய 60 மைல் வந்தார். நியூஜிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வு பெற்ற சிப்பாய் அவர். 1802-ஆம் ஆண்டில் வாரன் என்னும் படை அதிகாரி இப்பகுதி மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்ததைக் கண்டு எழுதிய குறிப்பே அவரைத் தூண்டிற்று. 1873-இல் மைசூர் அரசின் அனுமதி பெற்றும் லாவெலுக்குப் பெரும் செல்வம் வாய்க்கவில்லை. 1880-இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனிக்கே அது வாய்த்தது. முதலில் தோண்டியவனுக்குக் கிணற்று நீர் கிட்டுவது எப்போதும் நிச்சயமன்று!

வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளிகளே சுரங்கத்தில் இறங்கினர். பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள். பஞ்சமும் பண்ணையடிமையும் ஒருபுறம், பாதாளம் மறுபுறம் என்றிருக்க, அவர்கள் பாதாளத்தைத் தெரிந்துகொண்டனர். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது; அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைக் கடக்கும். பாறை வெடித்து மாண்டோர் பலர். கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மாண்டோர் அவரினும் பலர். அங்குள்ள எந்திரங்களை ஓட்டவே 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் மின்கம்பி இழுக்கப்பட்டது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905-இல் தான்.

திரைப்படங்களைக் கண்டு தங்கவயலை அறிந்தோம் என்பார் உளர். அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1930-ஆம் ஆண்டில் தொழிலாளர் தம் பெருவிரல் ரேகையைப் பதியவேண்டும் என நிர்வாகம் பணித்தபோது, குற்றவாளியைப் போல் ரேகை வைக்கமாட்டோம் என்று ஏறக்குறைய மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். மானம் அவர்களுக்குக் கூலியினும் பெரிதாயிருந்தது. அம்மக்களே அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்தைத் தாங்கியவர்கள். 1907-இல் சென்னையில் பண்டிதர் தொடங்கிய இதழ் பின்னர் 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. 1914-இல் அவர் மறைந்தபின், பின்னாளில் அது ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை என்ற பதிப்பகமும் அங்கே நடந்தது. இரவுபகலாகக் கல்லுடைத்தவர் நூல் பதிப்பித்தனர் என்பதை எண்ணி நான் வியந்தேன்; மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய என்போன்றோர் சற்றே வெட்கவும் வேண்டும்.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்றன. ஏறக்குறைய 800 டன் பொன் தந்தபின், 2001 பிப்ரவரி 28 அன்று அது மூடப்பட்டது.

ஜீப் சயனைட் மேட்டின்மேல் ஏறி நின்றது. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய அரைத்த கல்மாவு, குன்று குன்றாக நிற்கிறது. காற்றடித்தால் தூசி கண்ணை மறைக்கும். கீழே லைன் வீடுகள் வரிசையாய்த் தெரிந்தன. ஓட்டுநர் மூன்றாம் தலைமுறைக்காரர். "உங்கள் ஊர் எது?" என்றேன். "இதுதாங்க ஊர்," என்றார், சிறிதும் திகைக்கவில்லை.

அன்று மாலை அவர் வீட்டில் காப்பி அருந்தினேன். பாட்டனாரின் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். ஓரங்கள் பொடிந்த பௌத்த நூல்கள் சில இருந்தன. கல்லூரியில் படிக்கும் மகள் அழகாகத் தமிழ் பேசினாள். ஆனால் படிக்கத் தெரியாது, கன்னடமும் ஆங்கிலமுமே பயின்றவள். ஆரியசாலையில் மலையாளம் மட்டும் எழுதக் கற்ற நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். "இதுலே என்ன எழுதியிருக்குது, மாமா?" என்று ஒரு நூலை நீட்டினாள். முதற்பக்கத்தை மெதுவாகப் படித்துக் காட்டினேன். அவள் அதைத் தன் நோட்டுப் புத்தகத்தில் கன்னட எழுத்தால் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை மாரிகுப்பம் நிலையத்தில் நிற்க இடமில்லை. பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் சோற்றுப் பாத்திரங்களோடு பெட்டிகளில் நிறைந்திருந்தனர். அக்கூட்டத்தில் அப்பெண்ணும் நின்றாள்; அந்நோட்டுப் புத்தகம் அவள் கையிலிருந்தது.