இந்திய-உருசிய ஐந்தாம் தலைமுறைப் போர் வானூர்தித் திட்டம்

இந்திய-உருசிய ஐந்தாம் தலைமுறைப் போர் வானூர்தித் திட்டம் என்பது, ரேடாருக்கு எளிதில் புலப்படாத போர் வானூர்தி ஒன்றை உருசியாவின் சுகோய் நிறுவனமும் இந்தியாவின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் (எச்.ஏ.எல்.) இணைந்து உருவாக்க மேற்கொண்ட திட்டம் ஆகும். இதற்கான அரசுகளுக்கு இடையிலான உடன்பாடு 2007 அக்டோபரில் கையொப்பமானது. 2018 இல் இந்தியா விலகியது.

பின்னணி

மிக்-21, சுகோய்-30எம்கேஐ ஆகிய வானூர்திகளை இந்தியா உரிமம் பெற்று நாசிக்கில் தயாரித்தது. உரிமத் தயாரிப்பில் ஒரு பாகத்தை எப்படிச் செய்வது என்பது தெரியவரும். அது ஏன் அவ்வாறு வடிவமைக்கப்பட்டது என்பது பெரும்பாலும் தெரியவராது. ஆகவே வடிவமைப்பிலேயே பங்கு பெறுவது புதிய திட்டத்தின் நோக்கமாக அமைந்தது. 1998 இல் இரு நாடுகளும் பிரமோஸ் ஏவுகணைக்கெனக் கூட்டு நிறுவனம் அமைத்திருந்தன. அதில் இந்தியாவின் பங்கு 50.5 விழுக்காடு.

முதற்கட்ட வடிவமைப்பு

முதற்கட்ட வடிவமைப்புக்கான ஒப்பந்தம் 2010 திசம்பரில் கையெழுத்தானது. இதில் இந்தியாவின் செலவு 29.5 கோடி அமெரிக்க டாலர். ஆனால் உருசியாவின் டி-50 முன்மாதிரி (பின்னாளைய சு-57) அதே ஆண்டு சனவரி 29 அன்றே பறந்துவிட்டது. உடலமைப்பும் பொறி அமைவிடமும் முடிவான பிறகு இணையும் கூட்டாளி, கருவிகளையும் மென்பொருளையும் மாற்றலாம். அடிப்படையை மாற்றுவது அரிது. இத்திட்டத்தின் வலுவற்ற இடம் இதுவே எனலாம்.

தயக்கங்கள்

இத்தகைய திட்டங்களில் தேவையை வான்படை வகுக்கிறது. விலையைப் பாதுகாப்பு அமைச்சகம் பேசுகிறது. இறுதி ஒப்புதலைப் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு அளிக்கிறது. இங்கு தேவையே மாறிக்கொண்டிருந்தது. முதலில் 214 வானூர்திகள் திட்டமிடப்பட்டன. 2012 இல் அந்த எண்ணிக்கை 144 ஆகக் குறைக்கப்பட்டது. இருவர் அமரும் வகை வேண்டும் என்ற கோரிக்கையும் பின்னர்க் கைவிடப்பட்டது.

பொறியின் திறன், ரேடாரில் புலப்படாத் தன்மை ஆகியவை குறித்து வான்படை ஐயம் எழுப்பியது. 2014 சூனில் முன்மாதிரி ஒன்றின் பொறி தீப்பற்றியபோது, அங்கிருந்த இந்தியக் குழு அதைப் பார்வையிட அனுமதிக்கப்படவில்லை எனச் செய்திகள் வெளியாயின. செலவில் பாதியை ஏற்கும் நாட்டுக்கு இது சிறு மனத்தாங்கல் அன்று. அடுத்த கட்டத்துக்கான ஒப்பந்தம் கையொப்பமாகவே இல்லை.

விலகலுக்குப் பின்

இந்தியாவின் சொந்த ஐந்தாம் தலைமுறை வானூர்தியான ஆம்காவின் வடிவமைப்புக்கும் முன்மாதிரிகளுக்கும், ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2024 மார்ச்சில் அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. எனினும் கூட்டு முயற்சி முற்றாக நின்றுவிடவில்லை. பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்துடன் இணைந்து இந்தியாவில் வானூர்திப் பொறி உருவாக்கப்படும் எனப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2025 ஆகத்தில் அறிவித்தார்.

உள்நாட்டு அடித்தளமும் சிறிது சிறிதாகவே உருவானது. சென்னையின் மேற்கே, கோவில்பதாகையை அடுத்த ஆவடியில் உள்ள போர் ஊர்திகள் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் பீரங்கி வண்டிகளுக்கே பெயர்பெற்றது. தேஜஸ் வானூர்தியில், பொறியின் சுழற்சியைப் பெற்று மின்னாக்கியையும் நீரியல் எக்கிகளையும் இயக்கும் பற்சக்கரப் பெட்டியை வடிவமைத்தது அந்நிறுவனமே.