விஷம் விற்கும் சங்கம் பிறந்த கதை

செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களில் பிடிபட்ட சாரையும் நாகமும் ஒரு காலத்தில் கப்பலேறி, மேல்நாட்டில் கைப்பையாகவும் காலணியாகவும் மாறின. பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர் பழங்குடியினர். வரப்பில் விழுந்த தடம், வளை வாயில் கிடக்கும் எச்சம், உரித்துப் போட்ட சட்டை ஆகியவற்றை வைத்தே உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். ஆயுதம் ஒரு கடப்பாரை. கூலியோ சொற்பம், காசு பார்த்தவர்கள் தோல் வியாபாரிகள்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டில் உலை வைக்க வழியில்லை. தடை போட்டவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

சென்னை கிண்டிப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கருக்கு இருளர்களோடு நெடுநாள் பழக்கம். பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருளே விஷம்தான் என்பதும் அவருக்குத் தெரியும். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்து செய்கிறார்கள். அப்படியானால் பாம்பை ஏன் கொல்ல வேண்டும்? இந்த யோசனையில் 1978-இல் பிறந்ததுதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது.

அங்கே வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டி. ஒவ்வொன்றிலும் நாகமோ, கட்டுவிரியனோ, கண்ணாடிவிரியனோ, சுருட்டைவிரியனோ இருக்கும். பிடிக்கும் பாம்புகள் இந்த நான்கு வகைதான். தலையைப் பிடித்துக் கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்க வைத்தால் சில சொட்டு விஷம் இறங்கும். நாகத்தின் விஷம் இளமஞ்சள். வாரத்துக்கு ஒரு முறை என்று சில தடவை எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிலில் அடையாள வெட்டுப் போட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு விரைவில் திரும்பச் சிக்கினால் வெட்டு காட்டிக்கொடுக்கும். எத்தனை பிடிக்கலாம் என்பதை வனத்துறை முடிவு செய்கிறது. நாட்டில் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் பெருமளவு விஷம் போவது இங்கிருந்துதான். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

உயிரினத்தைக் காக்க, அதை அறிந்தவனின் பிழைப்பையும் சேர்த்துக் காத்த ஏற்பாடு இது. என் கணக்கில், வேலி போட்ட பல சரணாலயங்களைவிடப் புத்திசாலித்தனமானது. ஆனால் சங்கத்தால் பாம்பைத்தான் திருப்பி விட முடியும், வயலைத் திருப்பித் தர முடியாது. சென்னையை ஒட்டிய கரையான்சாவடி, பூந்தமல்லி பக்கம் பாருங்கள். ஏரிப் பாசன வயல்கள் மனையாகிவிட்டன. எலியைத் தேடி வரும் பாம்புக்கு மதில் சுவரும் கார் நிறுத்தும் இடமும்தான் மிச்சம்.

அதனால் வாசலில் பாம்பைக் கண்டால் கட்டையைத் தேடாதீர்கள்; தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து அங்கே இலவசம்.