தப்பி ஓடிய கொம்பிசைஞர்

1800ஆம் ஆண்டு மே மாதம் ஹங்கேரியின் புடா நகரில் ஒரு கச்சேரி நடந்தது. அதைப் பற்றி எழுதிய விமர்சகருக்குக் கொம்பு வாசித்தவரை நன்கு தெரிந்திருந்தது. பியானோ வாசித்த இளைஞரைத் தெரியவில்லை. யார் இந்த பீத்தோவன் என்று வினவிய அவர், பூந்தோவை மட்டும் அனைவரும் அறிவர் என்றார். விமர்சனம் எழுதிப் பழகிய எனக்கு இது சிரிப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தருகிறது.

யார் இந்தப் பூந்தோ?

1746இல் பொஹீமியாவில் ஒரு பிரபுவின் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் யான் வாட்ஸ்லாவ் ஷ்டிக். பிரபுவே அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பிவந்து சில ஆண்டுகள் ஊழியம் செய்தவர், இருபது வயதளவில் தப்பி ஓடினார். இனி எங்கும் வாசிக்க முடியாதபடி அவரது முன்பற்களை உடைத்துவிடுமாறு பிரபு ஆட்களை ஏவினார் என்பர். அவர்களிடம் சிக்காத ஷ்டிக், ஜியோவன்னி பூந்தோ என்று இத்தாலியப் பெயர் சூடிக்கொண்டார்.

அக்காலக் கொம்புக்கு வால்வு கிடையாது. இயற்கையாக எழும் சில சுரங்களே அதில் கிடைக்கும். கீழ்த்தாயியில் அவற்றுக்கிடையே இடைவெளி மிக அதிகம். டிரெஸ்டனில் அன்டன் ஹம்பெலிடம் பூந்தோ கற்ற உத்தி, கொம்பின் அகன்ற வாய்க்குள் வலக்கையைச் செலுத்தி, மூடியும் திறந்தும் விடுபட்ட சுரங்களை எழுப்புவது. மூடிய சுரம் மங்கலாகவும் திறந்த சுரம் கணீரென்றும் ஒலிக்கும். அவ்வேற்றுமை உறுத்தாமல் இசைப்பதே வித்தை. பூந்தோ சிறந்து விளங்கியது கடினமான அந்தக் கீழ்த்தாயியில்தான்.

1778இல் பாரிஸில் அவரைக் கேட்ட மொஸாட், தந்தைக்கு எழுதிய கடிதத்தில் வியந்து பாராட்டினார். பூந்தோ உள்ளிட்ட நால்வருக்காக ஒரு படைப்பும் இயற்றினார். அது அரங்கேறவில்லை, மூலப்பிரதியும் தொலைந்தது. 1800 ஏப்ரலில் வியன்னாவில் பூந்தோவுடன் வாசிப்பதற்காகவே பீத்தோவன் தமது கொம்பு சொனாட்டாவை எழுதினார். கச்சேரிக்கு முதல்நாள்தான் அதைத் தொடங்கினார் என்று அவரது மாணவர் ரீஸ் பின்னாளில் குறிப்பிட்டார்.

1803இல் பிராகில் பூந்தோ மறைந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆயினும் ஒலிப்பதிவு இல்லாத காலத்துக் கலைஞரின் புகழ் கேட்டவர்களின் காதோடு போய்விடுகிறது. புடாவின் விமர்சகர் அன்றைய நிலையைச் சரியாகவே எழுதினார். இன்றோ அவரது கேள்வியைத் திருப்பிப்போட்டே கேட்கிறோம். பூந்தோவின் மூச்சும் கையும் எதைச் செய்ய வல்லவை என்பதற்கு, அன்று யாரென்று தெரியாதிருந்த அந்த இளைஞரின் சொனாட்டாவே இன்று சாட்சி.